திராட்சை வாசம்

பெங்களூர் ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்தில் படியிறங்கி வெளியே வந்தால் வரிசையாகத் தள்ளுவண்டிகள். போன வாரம் அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வரும்போது, வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே வாசனை வந்து மூக்கில் ஏறிவிட்டது. கருநீலத்தில், மேலே சாம்பல் பூத்தாற்போல், கூடை நிறைய பெங்களூர் ப்ளூ. தேவனஹள்ளி, சிக்கபள்ளாபுரம் பக்கத்துத் தோட்டங்களில் விளையும் திராட்சை. கம்பத்திலிருந்து வரும் உறவுக்காரர்கள் தங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சையோடு ஒப்பிட்டு மூக்கைச் சுளிப்பார்கள். "ஒரே புளிப்பு, தோலும் கொட்டையும்தான்" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். புவிசார் குறியீடு வாங்கின பழம்தான் எங்களுடையதும். தோலை லேசாகக் கிள்ளினால் உள்ளேயிருக்கும் சதை வழுக்கிக்கொண்டு வாய்க்குள் விழும். வாசனை நாலு கடை தள்ளி நின்றாலும் தெரியும்.

"அரை கிலோ போடட்டுமா மேடம்?" என்றார் வண்டிக்காரர். நான் பதில் சொல்லாமல் நின்றேன்.

ஆஸ்பத்திரி லேபில், கிருமி வளர்த்துப் பார்க்கும் பிரிவில், ரிட்டையர் ஆகும்வரை வேலை பார்த்தவள் நான். காலையில் இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் இந்த வாசனை அடித்தால், யாரோ ஒருவருடைய சளியில் சூடோமோனாஸ் வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தட்டை வெளியே எடுத்துப் பார்க்கவே வேண்டாம். இது என் மூக்கின் பிரமையும் இல்லை. அந்தக் கிருமி வெளியிடும் 2-அமினோஅசிட்டோபீனோன் என்ற பொருள் லப்ரஸ்கா இனத் திராட்சைகளிலும் இருக்கிறது. பெங்களூர் ப்ளூ அந்த வம்சத்தில் வந்ததுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நான் வேடிக்கையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள் சொல்வதை நிறுத்திவிட்டேன். திராட்சை வாங்குவதையும்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கென்று ஒரு டின் இருந்தது. பழைய பால்பவுடர் டின், மூடியோடு. ராத்திரி கட்டிலுக்கடியில் இருக்கும். ஸ்ரீராம்புரத்தில் அப்போது நாங்கள் இருந்தது வட்டாரம் என்று சொல்லும் ஒண்டுக்குடித்தனத்தில். நடுவில் முற்றம், சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு குடித்தனம், கோடியில் பொதுக் கக்கூஸ். விடிந்ததும் அம்மா அந்த டின்னை எடுத்துக்கொண்டு போவாள். நேராகப் போகமாட்டாள். வாசற்படியில் நின்று, மூடியைத் திறந்து, கிழக்குப் பக்கம் வெளிச்சத்தில் சாய்த்து ஒரு தடவை பார்ப்பாள். பார்த்த பிறகுதான் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போடுவாள். அந்த ஒரு நொடியில் அன்றைக்கு வீட்டில் என்ன நடக்கும் என்பது முடிவாகிவிடும்.

இளநீர் வழுக்கை மாதிரி இருந்தால் டிபன் பாக்ஸில் சோறு கட்டுவாள். மஞ்சளென்றால் மிளகு ரசம். பச்சையென்றால் என்னைக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு லீவு லெட்டர் எழுது" என்பாள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அந்த லெட்டர்களில் நான் "காய்ச்சல்" என்றுதான் எழுதுவேன். பச்சை என்று எப்படி எழுதுவது?

நிறத்தைத் தவிர இன்னொரு பிரிவும் அவளிடம் இருந்தது. "பழைய சளிதான், பயமில்லை" என்பாள் சில நாள். சில நாள் நிறம் பெரிதாக மாறாவிட்டாலும் முகம் சுண்டி, "இது புதுச் சளி" என்பாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், "தெரியும்" என்பாள். அவ்வளவுதான்.

அப்பா மில் தொழிலாளி. எங்கள் பக்கம் அன்று மில் சங்கை வைத்துத்தான் நேரம். 1884இல் தொடங்கிப் பின்னாளில் பின்னி மில் என்று பேர் பெற்ற பெரிய ஆலை ஒரு பக்கம், மினர்வா ஒரு பக்கம், மல்லேஸ்வரத்தில் ராஜா மில். ராஜா மில் இருந்த இடத்தில்தான் இப்போது மந்திரி மால் நிற்கிறது. குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர்ப் பக்கமிருந்து ரயிலேறி வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தச் சங்குகள்தான் சோறு போட்டன. அப்பா வேலை பார்த்தது இவற்றிலெல்லாம் இல்லை. சிறிய மில், இப்போது அதன் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. சொல்லவும் போவதில்லை. அங்கே ப்ளோ ரூம், கார்டிங் இரண்டிலும் இருந்தார். பஞ்சுப் பொதியைப் பிரித்து அடித்துத் தூசி தட்டுகிற இடம் அது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம், மீசை, காதுமயிர் எல்லாம் வெள்ளையாக, தாத்தா மாதிரி வருவார். வாசலில் உட்கார்ந்து ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டுக்கொள்வார். வெல்லம் தின்றால் பஞ்சு இறங்கிவிடும் என்பது மில்காரர்கள் நம்பிக்கை.

அவருக்குத் திங்கட்கிழமை ஆகாது. ஞாயிறு முழுக்க நன்றாக இருப்பார், கறி எடுத்து வருவார், எங்களைக் கப்பன் பார்க்குக்குக்கூட அழைத்துப் போவார். திங்கள் ஷிப்டு முடிந்து வரும்போது நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி வருவார். செவ்வாய், புதன் போகப் போகக் கொஞ்சம் தேவலை. திங்கட்கிழமை வேலைக்குப் போகச் சோம்பல்பட்டுக்கொண்டு நடிக்கிறார் என்று பாட்டி ஜாடையாகப் பேசுவாள். பிற்பாடு லேப் படிப்பில் ஒரு பாடம் வந்தது. பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்கு அடையாளமே திங்கட்கிழமை இறுக்கம். ஒருநாள் விடுப்புக்குப் பிறகு தூசி மறுபடி உள்ளே போகும்போது மூச்சுக்குழாய் அதிகமாகச் சுருங்குகிறது. அதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இன்னொரு விஷயம். பஞ்சு மட்டும் அதற்குக் காரணமில்லை. பஞ்சில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் செத்துப்போன பிறகும் அவற்றின் மேலுறையிலிருக்கும் எண்டோடாக்சின் என்ற பொருள்தான் மூச்சுக்குழாயைப் புண்ணாக்குவதில் முக்கியமான குற்றவாளி. உயிரில்லாத கிருமிக்கே உடம்பு அப்படி எகிறுகிறது. பாட்டி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தாள். இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

எல்லாவற்றையும் மில்லின் தலையில் போட்டால் அது பொய். அப்பா நாளுக்கு ஒரு கட்டு பீடி குடித்தார். ஒரே அறையில் அம்மா மரத்தூள் அடுப்பு மூட்டினாள். பக்கத்து மர மில்லில் மூட்டை மலிவு. அடுப்பு நடுவில் ஒரு உருட்டுக்கட்டையை நட்டு, சுற்றிலும் தூளை இடித்து அடைத்து, கட்டையை உருவி எடுத்தால் புகைபோக்கி ரெடி என்று பேர். புகையெல்லாம் எங்கள் மூக்கு வழியாகத்தான் போனது.

வைத்தியத்துக்கும் குறைவில்லை. தூதுவளை ரசம், கற்பூரவல்லி, முதுகில் சூடான உப்பு ஒத்தடம். எல்லாவற்றுக்கும் மேல் ஆடாதோடைக் கஷாயம். முற்றத்து மூலையில் அம்மா அந்தச் செடியை வளர்த்தாள். ஆடு தொடாத இலையை மனுஷன் குடிக்கணும் என்று அப்பா ஒவ்வொரு தடவையும் முனகுவார். மருந்துக்கடையில் வாங்கும் சிரப்தான் அவருக்குப் பிடிக்கும். அந்த சிரப்பில் இருந்த புரோம்ஹெக்சின், ஆடாதோடையிலிருக்கும் வாசிசின் என்ற பொருளை வைத்துச் செய்யப்பட்டது என்று படித்தபோது ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "அப்புறம் எதுக்குக் காசு?" என்றாள்.

இருமல் என்றாலே அந்த நாளில் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான். நாடு முழுவதுக்குமான தேசியக் காசநோய் நிறுவனம் இருப்பதே எங்கள் ஊரில்தான். 1959இல் பெல்லாரி ரோட்டில் அவலான் என்ற பழைய மாளிகையில் தொடங்கினார்கள். கிராமத்துச் சுகாதார நிலையத்திலேயே சளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் காசநோயைக் கண்டுபிடிக்கலாம் என்ற முறை அங்கே உருவாகித்தான் நாடு பூராவும் போனது. அப்பாவையும் இரண்டு முறை சோதித்தார்கள். இரண்டு முறையும் கிருமி இல்லை. ஆனால் எக்ஸ்ரேயில் வலதுபக்க மேல்நுரையீரலில் ஒரு பழைய தழும்பு. சின்ன வயசில் எப்போதாவது வந்து தானாக ஆறிப்போயிருக்கலாம் என்றார் டாக்டர். சோதனைக்குப் போய்வந்த சேதி எப்படியோ வட்டாரம் முழுக்கப் பரவி, குழாயடியில் எங்கள் குடத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்தார்கள். அந்தக் கோபம் அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை. அந்தத் தழும்பு பிற்பாடு எங்களுக்கு என்ன செய்யப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததும் ஊர் பற்றிக்கொண்டது. ஊரடங்கு. எங்கள் தெருவிலிருந்து தமிழர்கள் பல பேர் கிடைத்த லாரியில் ஓசூர்ப் பக்கம் போய்விட்டார்கள். நாங்கள் போகவில்லை. அப்பாவால் நாலடி நடக்க முடியாது. பெங்களூர்க் குளிர் வேறு. மங்கி கேப்பும் ஸ்வெட்டரும் போட்டு, தலையணை மூன்றை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் காலையிலேயே அம்மா டின்னைப் பார்த்துவிட்டு, "புதுசு" என்று சொல்லியிருந்தாள். வீட்டில் டெரிபிலின் மாத்திரை மட்டும் இருந்தது. கடை எதுவும் திறக்கவில்லை.

விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். சத்தமாகப் பேச வேண்டாம் என்று அம்மா சைகை காட்டினாள். அப்பா ஒவ்வொரு இருமலும் முடிந்ததும் "முருகா" என்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அப்படித்தான், அது இருமலோடு ஒட்டிப்பிறந்த சத்தம் மாதிரி. அன்றிரவு அவர் இருமினார், இருமினார், ஆனால் கடைசியில் வரவேண்டிய அந்த வார்த்தை வரவில்லை. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அதை விழுங்கினார். இருட்டில் அது எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்பது கேட்டது என்றுதான் சொல்லவேண்டும். அம்மா உள்ளங்கையைக் குவித்து அவர் முதுகில் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டேயிருந்தாள்.

நடுராத்திரிக்கு மேல் கதவை நகத்தால் சுரண்டும் சத்தம். எதிர்க் குடித்தன அஜ்ஜி. "நான்தான், கதவு திற" என்று கன்னடத்தில் கிசுகிசுத்தார். கையில் ஒரு டம்ளர் சுக்குக் காப்பி, முந்தானையில் முடிந்து வைத்த நாலு கேப்ஸ்யூல். அவர் வீட்டுக்காரருக்கு எப்போதோ வாங்கி மிச்சமானது. ஆம்பிசிலின். தேதி தாண்டியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை. நான் லேப் படிப்பு முடிக்கப்போகிற சமயம். ஐந்தாறு நாளாவது கொடுக்கவேண்டிய மருந்து, நாலே நாலு கேப்ஸ்யூல் எந்த மூலைக்கு என்பது எனக்குத் தெரியும். கொடுத்தோம். மூன்றாம் நாள் டின்னில் மஞ்சள். எந்த மருந்தால் என்று கேட்டால் சொல்லமுடியாது. தானாகவும் தணிந்திருக்கலாம். அஜ்ஜியின் முந்தானை முடிச்சை நினைத்தால் கண் கலங்குகிறது. எங்கள் லேபில் பின்னாளில் மருந்துக்கு மசியாத கிருமிகளை வரிசையாகப் பார்த்தபோதும் அதே முடிச்சுதான் ஞாபகம் வந்தது. ஊரில் எத்தனை முந்தானைகளில் எத்தனை மிச்ச மாத்திரைகள்.

வேலைக்குச் சேர்ந்து முதலில் கற்றுக்கொண்டது, எது சளி, எது எச்சில் என்று பிரிப்பது. "காறித் துப்பிக் கொண்டு வாங்க" என்று டப்பாவைக் கொடுத்தால் பாதிப் பேர் கூச்சப்பட்டு எச்சிலைத் துப்பிக் கொண்டுவருவார்கள். மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வைப் புலத்தில் சீழணு 25க்கு மேல், வாய்த்தோல் அணு 10க்குக் கீழ் இருந்தால்தான் அது நெஞ்சுக்குள்ளிருந்து வந்த சளி. இல்லையென்றால் திருப்பி அனுப்பவேண்டும். பிறகு தட்டு. ஆட்டு ரத்தத்தைக் கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் உறையாமல் குலுக்கி, சூடான அகாரில் ஊற்றினால் ரத்தம் வெந்து காப்பி நிறத்துக்கு மாறும். அதற்கு சாக்லேட் அகார் என்று பெயர். முதல் நாள் நான் அதில் சாக்லேட் இருக்கிறது என்றே நம்பினேன். அந்தத் தட்டில் ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு முகம். நிமோகாக்கஸ் நடுவில் குழி விழுந்து கேரம் காய் மாதிரி உட்கார்ந்திருக்கும். கிளெப்சியெல்லாவை ஊசியால் தொட்டால் ஜவ்வாக நூல் இழுக்கும். ஹீமோஃபிலஸ் பனித்துளிபோல் பொடியாக இருக்கும், எலிப்பொந்து நாற்றம் அடிக்கும்.

இந்த ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பற்றி எங்கள் டாக்டரம்மா ஒரு கதை சொல்வார். 1892இல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மானியர் ஃப்ளூ காய்ச்சலுக்குக் காரணம் இதுதான் என்று தப்பாக நினைத்தார். ஃப்ளூவுக்குக் காரணம் வைரஸ் என்று பின்னால் நிரூபணமாகியும் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. 1929இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலின் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே இந்தக் கிருமி இருக்கிறது. மற்ற கிருமிகளைப் பென்சிலின் கொன்றுவிடும், இது தப்பித்துக்கொள்ளும், அதனால் இதைத் தனியாகப் பிரித்து வளர்க்கப் பென்சிலின் உதவும் என்று அதில் எழுதினார். உலகத்தைக் காப்பாற்றப்போகிற மருந்து, சளிக் கிருமிக்கு வேலைக்காரனாக அறிமுகமானது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்காரர்களின் சளியில் அடிக்கடி கிடைப்பதும் இதுவேதான்.

பச்சையின் ரகசியமும் அங்கேதான் தெரிந்தது. அது கிருமியின் நிறம் என்று நினைத்திருந்தேன். கிருமியைத் தின்ன ஓடிவருகிற நம்முடைய வெள்ளணுக்களில் இரும்பு கலந்த மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பச்சை. சளி எவ்வளவு பச்சையோ, உள்ளே அவ்வளவு படை இறங்கியிருக்கிறது. வருகிற படை சும்மா இராது. அது கக்கும் எலாஸ்டேஸ் என்ற இன்னொரு நொதி, கிருமியோடு சேர்த்து மூச்சுக்குழாயின் சுவரையும் அரிக்கும். சளியை மேலே தள்ளிவிடும் நுண்மயிர்களை முடமாக்கும். மயிர் அசையாவிட்டால் சளி தேங்கும். தேங்கினால் கிருமி பெருகும். பெருகினால் இன்னும் படை வரும். லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையின் பீட்டர் கோல் 1986இல் இதை விஷச் சுழல் என்று விளக்கினார். எனக்கு டிசம்பர் ஊரடங்குதான் நினைவுக்கு வந்தது. கல்லெறிந்தவன் சந்துக்குள் ஓடிவிடுவான். லத்தி பெட்டிக்கடைக்காரன் முதுகில் விழும். அம்மாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கச் சாக்கடை உதாரணம் எடுத்தேன். "ஓடாத சாக்கடையிலதானே கொசு" என்று நான் முடிப்பதற்குள் அவள் முடித்துவிட்டாள்.

கனடாவின் வின்னிபெக்கில் அந்தோனிசன் என்ற டாக்டரும் கூட இருந்தவர்களும் 1987இல் அந்த அடைப்பு நோய்க்காரர்கள் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூச்சுத் திணறல் கூடியிருக்கிறதா, சளியின் அளவு கூடியிருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் ஆன்டிபயாடிக் நன்றாகப் பலன் தரும் என்று அதில் கண்டார்கள். இன்றுவரை உலகம் முழுக்க டாக்டர்கள் கேட்பது அந்த மூன்று கேள்விகள்தான். வாசற்படியில் நின்று டின்னைச் சாய்த்த அம்மா கேட்டதும் வேறு இல்லை.

அப்பாவுக்குக் கடைசியில் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது பழைய தழும்பைச் சுற்றி மூச்சுக்குழாய்கள் விரிந்து, சுவர் தடித்து, இணைக்கோடாக ஓடின. தண்டவாளம் என்று அதற்கு மருத்துவத்திலும் பெயர். பிராங்கியெக்டேசிஸ். இந்தியாவில் இந்நோய் உள்ள 2,195 பேரைப் பதிவுசெய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒருவருக்கும் மேல் பழைய காசநோய்தான் காரணம் என்றிருக்கிறது. அவர்கள் சளியில் அதிகம் வளர்ந்த கிருமி சூடோமோனாஸ். நான் அதைப் படித்தபோது அப்பா போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

ஸ்கேன் எடுத்த குளிர்காலத்தில் ஒரு வாரமாக அப்பாவுக்கு முடியவில்லை. காலையில் அவர் துப்பின சளியை டப்பாவில் மூடி, டிபன் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டு மணி நேரத்துக்குள் தட்டில் போடவேண்டும். மெஜஸ்டிக்கில் பஸ் மாறி, மடியில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுப் பெண், "சாப்பாடா?" என்றாள். ஆமாம் என்றேன். லேபில் எல்லோரையும் போல அதற்கும் ஒரு நம்பர் போட்டு நானே தட்டில் இழுத்தேன்.

மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்தேன். திராட்சை.

அன்று பத்துப் பதினைந்து தட்டுகள் இருந்தன. வேறு யாருடையதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்தேன். அது எட்டாவது தட்டு. பச்சையும் நீலமும் கலந்து, பெட்ரோல் சிந்தின தண்ணீர் மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. இப்போது கேட்டால் அழகாக இருந்தது என்றுதான் சொல்வேன்.

அதற்கடுத்த நாள் மருந்து வில்லைகளைச் சுற்றிய வட்டங்களை அளக்க வேண்டும். கிருமி வளராத தெளிந்த வட்டம் எவ்வளவு பெரிதோ, மருந்து அவ்வளவு வேலை செய்யும். வாய் வழியாகக் கொடுக்கும் மருந்தில் சூடோமோனாஸுக்கு நாங்கள் நம்பியிருந்தது சிப்ரோஃப்ளாக்சசினைத்தான். அது இல்லையென்றால் ஊசி, ஊசியென்றால் ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டும், படுத்தால் செலவு. அன்றைய அட்டவணைப்படி சிப்ரோவுக்கு 21 மில்லிமீட்டர் இருந்தால் தேறும். கறுப்புத் துணிமேல் தட்டைக் கவிழ்த்து, ஸ்கேலை வைத்தேன். 20. தட்டைத் திருப்பி வேறு கோணத்தில் அளந்தேன். 20. வெளிச்சத்தை மாற்றி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறை. ஒரு மில்லிமீட்டர் என்பது எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பென்சில் முனை அளவு. ரெஜிஸ்டரில் 20 என்று எழுதி, பக்கத்துக் கட்டத்தில் ஐ என்று போட்டேன். இரண்டுங்கெட்டான் என்பதற்கு எங்கள் குறியீடு அது. டாக்டரம்மா கையெழுத்துப் போடும்போது நம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இருந்து ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். மெலிந்து போனார். வீட்டில் நெபுலைசர் உர்ரென்று ஓடிக்கொண்டேயிருக்கும். ஒருநாள் சாயங்காலம் தெருவில் "தாக்ஷி, தாக்ஷி" என்று வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். கன்னடத்து திராக்ஷி அவன் வாயில் அப்படித்தான் வரும். அப்பா ஆக்சிஜன் குழாயைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, "கொஞ்சம் திராட்சை வாங்கேன்" என்றார்.

"திராட்சையா? சளி கட்டும்" என்றாள் அம்மா.

திராட்சைக்கும் சளிக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அதைச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். சொன்னால் அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். நான் சொல்லவில்லை. அந்த வாசனை வீட்டுக்குள் வருவதை என்னால் தாங்கியிருக்க முடியாது. அடுப்படியில் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்துபோனேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. அடுத்த திராட்சை சீசனுக்கு அவர் இல்லை.

அவர் போன பிறகு ஒருநாள் டாக்டரம்மா ஒரு கட்டுரையின் ஜெராக்ஸைக் கொடுத்தார். அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் சஞ்சய் சேத்தி என்ற நம் நாட்டுக்காரரும் கூட்டாளிகளும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள 81 பேரை 56 மாதம் தொடர்ந்து கவனித்து, மாதாமாதம் அவர்கள் சளியை வளர்த்துப் பார்த்து 2002இல் எழுதியது. அதுவரை பலர் நினைத்தது, மூச்சுக்குழாயில் குடியிருக்கும் அதே கிருமி எண்ணிக்கையில் பெருகும்போது நோய் முற்றுகிறது என்று. சேத்தி அந்தக் கிருமிகளின் மூலக்கூறு ஜாடையைப் பார்த்தார். ஹீமோஃபிலஸ் ஹீமோஃபிலஸ்தான், ஆனால் வேறு கிளை. உடம்பு அதுவரை பார்த்திராத புதுக் கிளை வந்திறங்கிய வேளைகளில் நோய் முற்றியது 33 சதவீதம். புதிது வராத வேளைகளில் 15.4 சதவீதம். உடம்புக்குப் பழகின கிருமி ஒரு மூலையில் கிடக்கிறது, புதியது வந்தால்தான் படை கிளம்புகிறது.

அந்தப் பக்கத்தை நான் இரண்டு தடவை படித்தேன். பழைய சளி, புதுச் சளி. லஞ்ச் டைமில் தனியாக உட்கார்ந்து அழுதேன். ஜெராக்ஸ் காகிதத்தில் சாம்பார் சிந்திவிட்டது.

வண்டிக்காரர் இன்னொரு முறை கேட்டார். அரை கிலோ வாங்கினேன்.

அம்மாவுக்கு எண்பத்துநாலு ஆகிறது. வட்டாரத்தை இடித்துக் கட்டின அடுக்குமாடியில் இரண்டாவது மாடி எங்களுடையது. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பையை மேஜைமேல் வைப்பதற்குள் தலையைத் திருப்பி, "திராட்சையா?" என்றாள். கழுவிக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். ஒன்றை எடுத்துத் தோலைக் கிள்ளி, உள்ளேயிருந்த சதையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் கையைச் சாய்த்துப் பார்த்தாள். வெளிர்பச்சை. வாயில் போட்டுக்கொண்டாள்.

"உங்கப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள்.

நான் பேசவில்லை.

"அன்னிக்கு வேணாம்னுட்டேன். மறுநாள் நீ டூட்டிக்குப் போனப்புறம் மனசு கேக்கல. இறங்கிப் போய் ஒரு கொத்து வாங்கியாந்தேன். தோலுரிச்சு ஒண்ணொண்ணாக் குடுத்தேன், ஏழெட்டு தின்னாரு."

"எங்கிட்ட சொல்லவேயில்ல?"

"உனக்குத்தான் அந்த வாசனையே ஆகாதே. லேபிலருந்து வந்தா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். நீ வர்றதுக்குள்ள கிண்ணத்தைக் கழுவி, ஜன்னலையெல்லாம் திறந்து வெச்சேன்." கொட்டையை விரல்நுனியில் துப்பி, வைக்க இடம் தேடினாள். "அவரு வேற, 'குளிருது, ஜன்னலைச் சாத்து'ன்னு ஒரே சத்தம். ஒரு தட்டு கொண்டா."